கடல் பங்கு

1986-ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமியன்று காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நெடுமணல்குப்பத்துக் கரையில் 2521 பேர் நின்றார்கள். அவர்களில் கடைசி ஆள் அஞ்சுகம்.

அது ஊர்வலை நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் ஊரின் கட்டுமரங்கள் கடலுக்குள் போகாமல் மணலில் கிடக்கும். ஊரே சேர்ந்து ஒரே ஒரு பெரிய வலையைக் கரையிலிருந்து இழுக்கும். விழுந்த மீனைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும். பிறந்து தொப்புள் காயாத குழந்தைக்கும் பங்கு உண்டு, பாயோடு கிடக்கும் கிழவருக்கும் பங்கு உண்டு; அவர்களையும் தூக்கிவந்து கரையில் வைத்துத்தான் எண்ணுவார்கள். பத்துப் பேர் ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு கூறு. கடைசியில் நாலைந்து பேர் மிஞ்சினால் அவர்களுக்குச் சின்னதாக ஒரு கூறு போடுவார்கள். பிரித்தபின் மிஞ்சுகிற மீனை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. அது கடல் பங்கு, அதைக் கையில் எடுத்து அலையில் வீசிவிட வேண்டும்.

நிற்பதற்கும் ஒழுங்கு இருந்தது. ஊருக்கு முழு வரி கட்டும் ஆண்களும் அவர்கள் குடும்பங்களும் முதலில். புருஷன் செத்து அரை வரி கட்டும் பெண்கள் அவர்களுக்குப் பின்னால். அஞ்சுகத்தின் புருஷன் சாகவில்லை. காரைக்கால் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தினான், வரியும் அங்கேதான் கட்டினான். எனவே அஞ்சுகம் முழு வரியிலும் சேரவில்லை, அரை வரியிலும் சேரவில்லை. அவளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் எல்லோருக்கும் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். "அவன் செத்துத் தொலைஞ்சிருந்தாலாவது எனக்கு ஒரு எடம் கெடச்சிருக்கும்" என்று அவள் மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொல்வாள், சந்தைக்குப் போகும் மற்றப் பெண்கள் சிரிப்பார்கள்.

அன்று பத்துப் பத்தாக நிறுத்தினார்கள். 252 வரிசை வந்தது, அஞ்சுகம் மிஞ்சினாள். ஒற்றை ஆளுக்குக் கூறு போடும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆகவே நாட்டார் தெய்வசிகாமணி, ஊர்த் தலைவர், வரிசையைக் கலைத்து ஒன்பது ஒன்பதாக நிறுத்தச் சொன்னார். 280 வரிசை வந்தது, அஞ்சுகம் மிஞ்சினாள். எட்டு எட்டாக நிறுத்தினார்கள், 315. ஏழு ஏழாக நிறுத்தினார்கள், 360. ஆறு ஆறாக 420, ஐந்து ஐந்தாக 504, நாலு நாலாக 630, மூன்று மூன்றாக 840. ஒவ்வொரு தடவையும் அஞ்சுகம் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தனியாக நின்றாள். கடைசியில், வெயில் உச்சிக்கு ஏறி மீன் நாறத் தொடங்கிய பிறகு, ஊரை ஜோடி ஜோடியாக நிறுத்திப் பார்த்தார்கள். பேசாத பங்காளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், மாமியாரும் மருமகளும் கைகோத்து நின்றார்கள், 1260 ஜோடி அமைந்தது.

"நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போறேன் அண்ணே" என்றாள் அஞ்சுகம். "ஒரு மீனக் கையில குடுங்க, போதும்."

அப்போது சுக்கான் பிடிக்கும் வேதாசலம், எந்தச் சாவு வீட்டிலும் ஒரு கிண்டலைச் சொல்லாமல் எழுந்து வராதவன், சத்தமாகச் சொன்னான்: "மிஞ்சுனது கடலுக்குத்தானய்யா? அவளுக்கு எதுக்கு மீனு, மீனுக்குத்தான் அவ!"

ஊர் சிரித்தது. அஞ்சுகமும் சிரித்தாள். அந்த வருஷம் நெடுமணல்குப்பத்தில் ஒரு கட்டுமரமும் கவிழவில்லை, ஒரு பிணமும் கரை ஒதுங்கவில்லை. ஆடி போய் ஐப்பசி போய் மார்கழியும் போனபோது, வேதாசலம் சொன்னது கிண்டல் என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

மறு வருஷம் ஊர்வலை நாளில் எண்ணியபோதும் 2521 பேர் இருந்தார்கள். அதற்கு அடுத்த வருஷமும் 2521. இது எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது என்பதைத்தான் பார்த்தார்கள். ஒருவர் செத்தால் அன்று பொழுது சாய்வதற்குள் ஒரு குழந்தை பிறந்தது, பிறக்க நாள் இருந்தாலும் பிறந்தது. குழந்தை முதலில் பிறந்துவிட்டால் பாயில் கிடந்த யாரோ ஒருவர் கண்ணை மூடினார். கப்பலில் வேலைக்கென்று ஒருவன் ஊரைவிட்டுப் போனால், அவன் ஏறிப்போன பஸ்ஸிலிருந்தே, எப்போதோ ஓடிப்போன ஒருவன் தகரப் பெட்டியோடு இறங்கினான். மருத்துவச்சி செண்பகத்தைப் பார்க்கும்போதெல்லாம் சுடுகாட்டில் குழி வெட்டுகிறவர், "எக்கா, இன்னிக்கு ஒனக்கு வேல இருக்கா? இருந்தாச் சொல்லு, மம்முட்டியத் தீட்டணும்" என்பார். அவள், "நீ மொதல்ல வெட்டு, அப்புறம் நான் தண்ணி சுட வக்கிறேன்" என்பாள். இருவரும் சேர்ந்து வெற்றிலை போட்டுக்கொள்வார்கள்.

பெண் எடுப்பதும் கொடுப்பதும் ஒரே முகூர்த்தத்தில் நடக்கத் தொடங்கின. வெளியூரிலிருந்து ஒரு மருமகள் வந்தால் அதே நாளில் ஊரிலிருந்து ஒரு மகள் வெளியூர் போனாள். இல்லாவிட்டால் கல்யாணப் பந்தலைப் பிரிப்பதற்குள் ஒரு சாவு விழும் என்பதை இரண்டு கல்யாணங்களில் கண்டுகொண்டார்கள். கர்ப்பிணிகள் தெருவில் நடந்தால் கிழவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். நாள்பட்ட நோயாளிகள் இருந்த வீடுகளிலோ புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு விருந்து வைத்தார்கள். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டபோதும் இரு பக்கமும் ஆள் சமமாக இருந்தது. எந்தக் கட்சியும் அஞ்சுகத்தைக் கூப்பிடவில்லை.

அவளை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, தண்ணீர்க் குழாயிலிருந்து விரட்டவில்லை. அவள் வாங்கும் கடனுக்கு மட்டும் ஜாமீன் நிற்க ஆள் வரவில்லை, அவள் வீட்டுக் கூரையைக் காற்று பிரித்தபோது கட்டிக்கொடுக்க ஆள் வரவில்லை. "கடல் பங்குல கை வக்கக் கூடாது தாயி" என்று மரியாதையாகவே சொன்னார்கள். அவளுடைய ஒரே மகள் மலர்க்கொடி பதினெட்டு வயதில் உள்ளூரிலேயே குணசீலனைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டு வரிசையில் போய் நின்றாள். ஊர்வலை நாளில் தன் கூறிலிருந்து நல்ல மீனாகப் பார்த்து எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுப்பாள். அஞ்சுகம் அதை உடனே சுத்தம் செய்து குழம்பு வைத்து மகளையும் உட்காரவைத்துச் சாப்பிடுவாள்.

மூன்றாவது வருஷம், விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்து நகரத்துக் கல்லூரியிலிருந்து ஆரோக்கியதாஸ் என்ற கணிதப் பேராசிரியர் வந்தார். அவரைக் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, ஊரே சுற்றி உட்கார்ந்து கேட்டது. அவர் மணலில் குச்சியால் எழுதிக் காட்டினார். 2521 ஒரு பகா எண் என்றார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் அது மீதியில்லாமல் வகுபடாது. பகா எண்களிலும் இது கொஞ்சம் விசேஷமானது. இதற்கு முந்தின எண்ணான 2520 ஒன்றிலிருந்து பத்துவரை எல்லா எண்ணாலும் வகுபடும், பத்துக்குள் எல்லாவற்றாலும் வகுபடும் எண்களில் அதுவே மிகச் சிறியது. ஆகவே 2521-ஐ இரண்டிலிருந்து பத்துவரை எதால் வகுத்தாலும் சரியாக ஒன்று மிஞ்சும்.

"இதுல அந்த அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார் பேராசிரியர். "மிச்சம் இருக்கிறது இந்த எண்ணுக்குள்ள. கடைசியில நீங்க யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அவர் மிஞ்சுவார்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அது எல்லோருக்கும் புரிந்தது.

"சரிங்க சார்" என்றார் நாட்டார். "அப்ப யார நிறுத்துறது?"

எல்லோரும் அஞ்சுகத்தைப் பார்த்தார்கள்.

"பதினொண்ணு பதினொண்ணா நிறுத்துங்களேன்" என்றார் பேராசிரியர். "ரெண்டு பேர் மிஞ்சுவாங்க. துணைக்கு ஆள் இருக்கும்."

அஞ்சுகத்துக்கு முன்னால் நிற்பவள் இரத்தினம்மாள், நாட்டாரின் தங்கை. கூறு என்றால் பத்துப் பேருக்குத்தான், அதற்கு மேல் போகும் வழக்கமில்லை என்றார் நாட்டார். பதின்மூன்றால் வகுத்தால் பன்னிரண்டு பேர் மிஞ்சுவார்கள் என்றார் பேராசிரியர், அவர்களே ஒரு கூறு ஆகிவிடலாம். அந்தப் பன்னிரண்டில் பதினொரு பேர் அரை வரிப் பெண்கள், அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பஞ்சாயத்தில் அண்ணன் தம்பி இருந்தார்கள். பன்னிரண்டு பேரைக் கடல் பக்கம் தள்ளுவதைவிட ஒருத்தியைத் தள்ளினால் போதும் என்று அந்த அண்ணன் தம்பிகள் நினைத்தார்கள். வாயால் சொல்லவில்லை, இளநீர் இன்னொன்று வெட்டச் சொன்னார்கள்.

கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்த அஞ்சுகம் கேட்டாள்: "சார், ஒண்ணாலயும் வகுபடும்னீங்களே, அது என்னா?"

"எல்லாரும் ஒரே வரிசையா நிக்கறது. அப்படி நின்னா மிச்சமே வராது" என்றார் அவர். "இல்லேன்னா ஆளுக்கொரு வரிசையா, 2521 வரிசையா நிக்கறது. இந்த எண்ணுக்கு இந்த ரெண்டு வழிதான்."

"அப்ப எல்லாரும் ஒரே வரிசையா நிப்பமே அண்ணே."

வந்திருப்பவர் படித்தவர், வேட்டியில் மண் ஒட்ட உட்கார்ந்து எழுதிக் காட்டியவர். அவர் முன்னால் மறுத்துப் பேச நாட்டாருக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த ஊர்வலை நாளில் ஒரே வரிசை என்று ஊர் ஒத்துக்கொண்டது. அந்த வருஷம் முழுக்க அஞ்சுகம் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள் என்று சந்தைக்காரிகள் சொன்னார்கள். புதுச் சேலை ஒன்று தவணையில் எடுத்துவைத்தாள், மரகதப் பச்சை.

நெடுமணல்குப்பத்தின் கரையைக் கடல் நெடுங்காலமாகத் தின்றுகொண்டிருந்தது. வடக்கே துறைமுகத்துக்காகக் கல் கொட்டியதிலிருந்து இன்னும் வேகமாகத் தின்றது. அந்த நாள் வந்தபோது நாட்டார் தெற்கு முனையில் முதல் ஆளாக நின்றார். அவர் குடும்பம், அவருக்குப் பின் முழு வரிக்காரர்கள், அவர்கள் வீட்டார், அவர்கள் குழந்தைகள் என்று தோளோடு தோள் உரச வரிசை வடக்கே நீண்டது. கோயிலைத் தாண்டியது, வலை காயும் இடத்தைத் தாண்டியது, சுடுகாட்டைத் தாண்டியது, முகத்துவாரத்தின் கரையில் மணல் முடிந்துபோனது. அரை வரிப் பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு எப்படியோ மணலுக்குள் அடங்கிவிட்டார்கள். பச்சைச் சேலை கட்டிய அஞ்சுகம் ஒருத்திக்குத்தான் தரை இல்லை. அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்களேன்டி" என்று தண்ணீரிலிருந்து கத்தினாள்.

"எங்கிட்டு நெருங்குறது? மூச்சு முட்டுது" என்றாள் இரத்தினம்மாள், கடலைப் பார்க்காமல்.

ஒரு அலை வந்து சேலையை நனைத்து அவளைக் கீழே தள்ளியது. குணசீலன் ஓடிவந்து மாமியாரைக் கைபிடித்துத் தூக்க, வரிசை கலைந்தது. அதற்குப் பிறகு ஒரே வரிசை என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடல் தன் பங்கை வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதாக ஊர் சொன்னது. இதை வேதாசலம் சொல்லவில்லை. அவன் அந்தப் பேச்சு நடக்கும் இடங்களிலிருந்து எழுந்து போக ஆரம்பித்திருந்தான், ஆனால் எதிர்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

1992-இல் கடல் கோயில் மதிலுக்கு வந்துவிட்டது. ஒரு தொண்டு நிறுவனம் ஏழு கிலோமீட்டர் உள்ளே, சவுக்குத் தோப்பு இருந்த மேட்டில், காலனி கட்டிக்கொடுத்தது. ஐந்து பேருக்கு ஒரு வீடு. எந்தக் குடும்பம் பெரிசு, எந்தக் குடும்பம் சிறிசு என்று மற்ற ஊர்களில் அடிதடி நடக்க, நெடுமணல்குப்பத்தில் ஐந்து ஐந்தாக வரிசை ஏற்கெனவே தயாராக இருந்ததைப் பார்த்து நிறுவனத்து அதிகாரி சந்தோஷப்பட்டார். 504 வீடு என்று கணக்குச் சொன்னார்கள்.

"ஒருத்தங்க தனியா நிக்கறாங்களே" என்றார் அதிகாரி.

"அது கணக்குல வராது சார்" என்றார் நாட்டார்.

"ஏதாவது ஒரு வீட்டுல ஆறு பேரா இருந்துக்கலாமே. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை."

"சார், நாங்க கடலுக்குப் பயந்துதான் ஓடுறோம். அதோட பங்க நாங்களே தூக்கிட்டுப் போனா அது பின்னாலயே வராதா?"

அதிகாரி இளைஞர். ஊர் வழக்கத்தில் தலையிடக் கூடாது என்று அவருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவர் 2520 என்று எழுதிக்கொண்டார்.

லாரிகள் வந்த காலையில் மலர்க்கொடி தன் மூட்டையை லாரியில் ஏற்றவில்லை. அம்மாவின் வாசலில் கொண்டுபோய் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வல்ல. எங்கம்மாவோட இருந்துக்குறேன்."

அவள் வீட்டு வரிசையில் குணசீலன், அவன் அப்பா, அம்மா, தங்கை, ஐந்தாவதாக மலர்க்கொடி. நாலு பேருக்கு வீட்டுச் சாவி கிடையாது. வேறு வரிசையிலிருந்து ஒருவரை எடுத்தால் அந்த வரிசையில் நாலு ஆகிவிடும், அதற்கு அடுத்ததிலிருந்து எடுத்தால் அதில் நாலு ஆகிவிடும்; எங்கே இழுத்தாலும் ஏதோ ஒரு வீட்டில் நாலு பேர் தெருவில் நிற்க வேண்டும் என்பது, அத்தனை வருஷம் வரிசையில் நின்று பழகிய ஊருக்கு உடனே தெரிந்தது. குணசீலனின் அப்பா வந்து மருமகள் காலடியில் மணலில் உட்கார்ந்தார்.

"தாயி, வயசுக்கு வந்த பொண்ண வச்சிக்கிட்டு எந்தத் தோப்புல போயிப் படுக்குறது நாங்க?"

"நீங்கள்லாம் சேந்து சொல்லுங்க மாமா, ஆறா இருந்துக்குறோம்னு. அந்தச் சாரே சரின்னாரு."

அவர் நாட்டாரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மணலைப் பார்த்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

மலர்க்கொடி எழவில்லை. வெயில் ஏறியது, ஏற்றப்பட்ட கிழவர்களும் குழந்தைகளும் லாரிகளில் வாடினார்கள், யாரோ அவளைத் திட்டினார்கள், யாரோ அழுதார்கள். உள்ளேயிருந்து அஞ்சுகம் வந்தாள். அன்றைக்கென்று வைத்த மீன் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி மூடி எடுத்துவந்திருந்தாள். அதை மகள் கையில் திணித்துவிட்டு, மூட்டையைப் பிடுங்கி லாரிக்குள் எறிந்தாள்.

"எந்திரிடி. நாலு பேரு குடியக் கெடுத்துட்டு எனக்கு என்னா தொண வேண்டிக் கெடக்கு?"

"அம்மா, நீ செத்துப் போவ."

"செத்தா ஒங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். போ, கொழம்பு ஊசிப் போறதுக்குள்ள சாப்புடு."

அப்போது அவள் என்ன சொன்னாள் என்பதை ஊர் யோசிக்கவில்லை. வெயில் அப்படி.

காலனியில் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது, கடல் சத்தம் கேட்கவில்லை, பலருக்கு முதல் சில வாரம் தூக்கம் வரவில்லை. ஆண்கள் சைக்கிளில் கடலுக்குப் போய்வந்தார்கள். மலர்க்கொடி வெள்ளிக்கிழமைதோறும் அரிசியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு பழைய ஊருக்குப் போனாள். அதை யாரும் தடுக்கவில்லை. பார்க்கத்தானே போகிறாள், அழைத்துவரப் போகவில்லையே. மூன்று மாதம் ஊரில் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. செண்பகத்துக்கும் குழி வெட்டுகிறவருக்கும் வேலை இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. பழைய ஊருக்குப் போகும் தரைப்பாலம் முழுகியது, பஸ் நின்றது. மலர்க்கொடி இரண்டு வெள்ளிக்கிழமை பாலம்வரை போய்ச் சுழித்து ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டு அரிசியோடு திரும்பினாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை, வேதாசலத்தின் மருமகளுக்கு வலி கண்டது. காலனியின் முதல் குழந்தை. இரண்டு மணி நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தலைமுடி கருகருவென்று இருந்தது. வேதாசலத்தின் பெண்சாதி மழையில் நனைந்துகொண்டே வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்துக்கொண்டு வந்தாள்.

மலர்க்கொடி அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையை வாங்குவதற்காக நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள்.

"ஊருல இன்னிக்கி யாரு அத்த?" என்று கேட்டாள்.

வேதாசலத்தின் பெண்சாதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது சர்க்கரைக் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

மலர்க்கொடி மிளகாய்க் கையோடு மழையில் இறங்கி, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். நோயாளிகள் இருந்த வீடுகளுக்கு முதலில் போனாள். எல்லோரும் இருந்தார்கள். ஈளைக்காரக் கிழவர் இருமிக்கொண்டே, நல்லாத்தான் இருக்கேன் ஆத்தா என்றார். நடக்க முடியாத கிழவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வெளியூர் போனவர்கள் யாரும் இல்லை, பஸ்தான் இல்லையே. ஒரு வீட்டிலாவது ஒருவர் செத்திருக்க வேண்டுமென்று அவள் கேட்டுக்கொண்டே போவது எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் கோபப்படவில்லை. பொழுது சாய்ந்தபோது போய்ச் சேர்ந்த 504-ஆவது வீட்டில் இரத்தினம்மாள் இருந்தாள். கதவைத் திறந்து, ஒன்றும் கேட்பதற்கு முன்னால், "நான் இருக்கேன்டி" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பழைய ஊருக்குப் போய்ப் பார்த்துவர வேண்டுமென்று பஞ்சாயத்தில் யாரும் சொல்லவில்லை. கணக்கே சொல்லிவிட்டது. வேதாசலம் பேத்தியைப் பார்க்க வீட்டுக்குள் போகவில்லை. நாலு நாள் வாசலிலேயே படுத்துக்கிடந்தான், பிறகு போனான்.

1993-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தரைப்பாலம் திறந்து பழைய ஊருக்குப் பஸ் போனது. அதில் மலர்க்கொடி மட்டும் ஏறினாள். கடல் பழைய ஊரைத் தாண்டிப் பஸ் நிறுத்தம்வரை வந்திருந்தது. இறங்குவதற்கு இடம் இல்லாததால் அவள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள்.